அனுப்பாத மெயிலுக்கு ஒரு சர்வர்: பெங்களூர் ஜீவனஹள்ளி கேள்வி-பதில்

மெயிலை அனுப்பாத மெயில் சர்வர் என்கிறார்கள். அனுப்பாததற்கு எதற்கு ஐயா சர்வர்?
(காக்ஸ் டவுன் வாசகர்)

அனுப்பாமல் இருப்பதற்குத்தான். உங்கள் புரோகிராம் 'எஹ்லோ' என்று ஒரு கும்பிடு போட்டு உள்ளே வரும். சர்வர் 250 என்று சொல்லும். 250 என்றால் சரி. அனுப்புகிறவர் யார் என்று புரோகிராம் சொன்னால் இன்னொரு 250. யாருக்கு என்றால் அதற்கும் 250. 'டேட்டா' என்றதும் 354, அதாவது 'சொல்லுங்க, கேட்டுக்கிறேன்'. கடிதம் முழுவதையும் கொட்டிவிட்டு, தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளிக்கும் 250 வந்துவிட்டால் புரோகிராம் கடமை முடிந்தது என்று கிளம்பிவிடும்.

நிஜ சர்வருக்கு வேலையே அதற்கப்புறம்தான் ஆரம்பம். பெறுநரின் சர்வர் எங்கே என்று தேடிப் புறப்பட வேண்டும். டெஸ்டிங் சர்வர் கடிதத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, பிரவுசரில் உங்களுக்கு மட்டும் காட்டிவிட்டு, சும்மா உட்கார்ந்திருக்கும். உங்கள் புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆகவே கோடில் ஒரு வரியும் மாற்றாமல், சர்வரின் பெயரையும் போர்ட்டையும் மட்டும் மாற்றிப் பரிசோதிக்கலாம்.

எட்டு வருஷ அனுபவம் எனக்கு. ஜாக்கிரதையாக இருந்தால் போதாதா?
(மான்யதா டெக் பார்க்கிலிருந்து ஒரு சீனியர்)

2021 ஜூன் 17 அன்று ஹெச்.பி.ஓ. மேக்ஸ் சந்தாதாரர்கள் ஏராளமானோருக்கு ஒரு மெயில் வந்தது. தலைப்பு: 'இன்டெக்ரேஷன் டெஸ்ட் ஈமெயில் நம்பர் 1'. உள்ளே, இந்த வார்ப்பு டெஸ்டுக்கு மட்டுமே பயன்படுவது என்று ஒரே ஒரு வாக்கியம். விளம்பரமும் இல்லை, படமும் இல்லை. கம்பெனி ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டது; ஆமாம், எங்கள் இன்டர்ன்தான், அவருக்குத் துணையாக இருக்கிறோம் என்றது. உலகம் முழுக்க உள்ள சீனியர்கள் வரிசையில் வந்து, அந்த இன்டர்னுக்கு ஆறுதலாகத் தங்கள் பழைய லீலைகளை எழுதினார்கள். நீங்களும் எழுதியிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

எனக்கு அந்த ஆறுதலில் முழுச் சம்மதம் இல்லை. இன்டர்ன் தப்பு செய்யட்டும், அதற்குத்தான் இன்டர்ன். பரிசோதனை செய்கிற இடத்திலிருந்து நிஜச் சந்தாதாரர் பட்டியலுக்குக் கதவு ஏன் திறந்திருந்தது என்பதுதான் கேள்வி. அந்தக் கதவை வைத்தவர் இன்டர்ன் அல்ல. அனுபவம், கவனம் எல்லாம் ரிலீஸ் அன்று ராத்திரி பத்து மணிக்குக் குறைகிற சமாச்சாரங்கள். டெவலப்மெண்ட் மெஷினில் நிஜ மெயில் சர்வரின் பாஸ்வேர்டே இல்லை என்றால், தூங்கிக்கொண்டே பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

அப்படிப் பார்த்தால் அரசாங்கமே போனில் அலாரம் அடித்து டெஸ்ட் செய்ததே?
(மாருதி சேவா நகர்)

2023 அக்டோபரில் கர்நாடகத்தில் ஒரு நாள், தமிழ்நாட்டில் ஒரு நாள், அடித்தது. மீட்டிங்கில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருசேரத் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் அதை நான் குறை சொல்லமாட்டேன். முன்கூட்டியே அறிவித்தார்கள். தொலைத்தொடர்புத் துறை அனுப்புகிற மாதிரிச் செய்தி இது, பொருட்படுத்த வேண்டாம் என்று செய்தியிலேயே எழுதியிருந்தார்கள். சில விஷயங்களை நிஜ டவர், நிஜ போன் இல்லாமல் சோதிக்க முடியாது. அப்போது உரக்கச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். உங்கள் பாஸ்வேர்டு ரீசெட் மெயிலுக்கு அந்த அந்தஸ்து கிடையாது.

மெயில்ஹாக் நன்றாகத்தானே இருக்கிறது? ஏன் எல்லோரும் மெயில்பிட் என்கிறார்கள்?
(லிங்கராஜபுரம்)

இரண்டுமே டெஸ்டிங் சர்வர்கள்தான். மெயில்ஹாக்கைப் பராமரிக்க ஆளில்லாமல் சில வருஷங்கள் ஓடிவிட்டன. ஓடுகிறவரை ஓடும், பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைக்க ஆள் வராது. மெயில்பிட் அதே இடத்தில் உட்காரும்படி எழுதப்பட்டது. அதே போர்ட்டுகள்: கடிதம் வாங்க 1025, பிரவுசரில் பார்க்க 8025. லாராவெல்காரர்களுக்கு 'செயில்' பெட்டியிலேயே வந்துவிடுகிறது. ரூபி ஆட்களுக்கு மெயில்கேட்ச்சர், டாட்நெட் ஆட்களுக்கு எஸ்.எம்.டி.பி.4டெவ், ஜாவா ஆட்களுக்கு கிரீன்மெயில். கிரீன்மெயில் 'ஐமேப்' கூடப் பேசும் என்பதால், மெயில் வாங்கிப் படிக்கிற புரோகிராம் எழுதுகிறவர்கள் அங்கே போகலாம்.

ஜாங்கோ எழுதுகிறேன். எனக்கும் சர்வர் வேண்டுமா?
(கே.ஜி.எஃப்.-இலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர்)

தொடக்கத்துக்கு வேண்டாம். செட்டிங்ஸில் மெயில் பேக்கெண்டை 'கன்சோல்' என்று ஒரு வரி மாற்றினால் மெயில் டெர்மினலில் அச்சாகும். டெஸ்ட் ஓட்டும்போது ஜாங்கோ தானாகவே மெயிலை வெளியே விடாமல் நினைவகத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஹெச்.டி.எம்.எல். மெயிலை டெர்மினலில் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. டிசைனர் கேள்வி கேட்க ஆரம்பித்த அன்று மெயில்பிட் போடுங்கள். பைதானில் முன்பு 'எஸ்.எம்.டி.பி.டி.' என்ற மாட்யூலை வைத்து ஒரே கமாண்டில் டம்மி சர்வர் ஓட்டுவோம், 3.12 பதிப்போடு அதைத் தூக்கிவிட்டார்கள். பழைய ட்யூட்டோரியலைப் பார்த்து அடித்துவிட்டு 'மாட்யூல் இல்லை' என்று வந்தால் பயப்பட வேண்டாம், 'ஏஐஓ எஸ்.எம்.டி.பி.டி.' என்று தனியாக நிறுவிக்கொள்ளலாம்.

டாக்கரில் மெயில்பிட் ஓடுகிறது. பிரவுசரில் பெட்டி திறக்கிறது. என் ஆப் மட்டும் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்கிறது. ஒரு நாள் போய்விட்டது அண்ணா.
(ஃப்ரெஷர், பானஸ்வாடி பி.ஜி.)

தம்பி, உன் ஆப்பும் டாக்கருக்குள் ஓடுகிறதா? ஓடினால், செட்டிங்ஸில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருப்பாய். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது தன்னையேதான் குறிக்கும். உன் ஆப் தன் வீட்டுக்குள்ளேயே 1025-ஐத் தேடிவிட்டு, இல்லை என்கிறது. கம்போஸ் ஃபைலில் அந்த சர்வீஸுக்கு 'மெயில்பிட்' என்று பெயர் வைத்திருந்தால், ஹோஸ்ட் என்ற இடத்தில் 'மெயில்பிட்' என்றே எழுது. போர்ட் 1025. டி.எல்.எஸ். வேண்டாம். யூசர், பாஸ்வேர்டு காலி.

பிரவுசரில் திறந்ததற்குக் காரணம், பிரவுசர் டாக்கருக்கு வெளியே இருக்கிறது; 8025-ஐ நீ வெளியே திறந்துவிட்டிருக்கிறாய். இந்த ஒரு குழப்பத்தில் ஒரு நாள் இழக்காதவர்கள் ஊரில் குறைவு. ஆகவே சாப்பிடப் போ.

இன்னொன்று. மெயில்பிட்டுக்கு டேட்டாபேஸ் ஃபைல் எங்கே என்று சொல்லாவிட்டால் நிறுத்தியதும் கடிதங்கள் போய்விடும். சொன்னாலும் தானாக 500 கடிதத்தோடு நிறுத்திக்கொண்டு, பழையதைக் கழித்துவிடும். 'நேற்று வந்த மெயிலைக் காணோம்' என்று நாளைக்கு எழுதாதே.

சென்னையில் இருக்கும் கியூ.ஏ. டீமும் பார்க்க வேண்டும் என்று மெயில்பிட்டை கிளவுடில், பப்ளிக் ஐ.பி.யில் போடச் சொல்கிறார் மேனேஜர். போடலாமா?
(பெயர் வேண்டாம், ஒயிட்ஃபீல்டு)

பெயர் வேண்டாம் என்றதிலேயே உங்களுக்கு பதில் தெரிந்திருக்கிறது.

அந்தப் பெட்டியில் என்னவெல்லாம் விழும்? பாஸ்வேர்டு ரீசெட் லிங்க், ஓ.டி.பி., இன்வாய்ஸ், 'வெல்கம் அட்மின்'. மெயில்பிட்டை அப்படியே ஓட்டினால் பாஸ்வேர்டு கேட்காது. இன்டர்நெட்டில் திறந்திருக்கும் போர்ட்டுகளை நாள் முழுக்கத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும் இயந்திரங்களை ஓட்டுகிறவர்கள் உண்டு, 8025-க்கும் வருவார்கள். வந்தவர் என்ன செய்வார்? உங்கள் ஸ்டேஜிங் தளத்துக்குப் போய் அட்மின் முகவரியைக் கொடுத்து 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்துவார். லிங்க் எங்கே விழும்? அவர் பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டியிலேயே. ஹேக்கிங் என்று அதைச் சொல்வதே மரியாதைக் குறைவு. நீங்கள் கையில் கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

'யு.எஃப்.டபிள்யூ. ஃபயர்வாலில் அடைத்திருக்கிறேன்' என்பீர்கள். லினக்ஸில் டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிட்டால், யு.எஃப்.டபிள்யூ. விதிகளைத் தாண்டிக்கொண்டு போய்விடும். ஸ்டேட்டஸ் கேட்டால் ஃபயர்வால் 'அடைத்திருக்கிறது' என்று சத்தியம் செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் திறந்திருக்கும். போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று எழுதி வெளியிடுங்கள். மெஷினை விட்டு வெளியே போகாது. சென்னை டீமுக்கு வி.பி.என். கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ், ஹெச்.டி.டி.பி.எஸ்., பாஸ்வேர்டு. மெயில்பிட்டிலேயே பாஸ்வேர்டு வைக்க வசதி இருக்கிறது, யாரும் வைப்பதில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன்: ஸ்டேஜிங் டேட்டாபேஸ் எங்கிருந்து வந்தது? புரொடக்ஷன் பிரதிதானே? அப்படியென்றால் அந்தப் பெட்டியில் இருப்பது டெஸ்ட் மெயில் அல்ல. நிஜ மனிதர்களின் பெயர், போன் நம்பர், பில் தொகை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தவறியதற்கு அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். மேனேஜரிடம் இந்த எண்ணை மட்டும் சொல்லிப் பாருங்கள். வி.பி.என். சாயங்காலத்துக்குள் வந்துவிடும்.

ஆபீஸ் ஜிமெயில் கணக்கை வைத்தே டெஸ்ட் செய்கிறோம். என்ன குறைச்சல்?
(ஃப்ரேசர் டவுன் ஸ்டார்ட்அப்)

சாதாரண ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 500 மெயில்தான் எல்லை, கட்டணக் கணக்குக்கு 2000. ஒரு லூப்பில் 'பிரேக்' விட்டுப்போனால் அந்த 2000-ம், நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தீர்ந்துவிடும். அப்புறம் முதலீட்டாளருக்கு மெயில் அனுப்ப உட்காரும் உங்கள் ஃபவுண்டர் முகத்தைப் பாருங்கள்.

என் ஆப் அனுப்பும் தமிழ் மெயிலில் தலைப்பு நடுவே கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வருகிறது. இங்கிலீஷ் தலைப்பு ஒழுங்காக வருகிறது. தமிழுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?
(கம்மனஹள்ளி)

எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

மெயில் பிறந்தபோது தலைப்பில் ஆங்கில எழுத்து மட்டுமே போகும் என்று வைத்தார்கள். மற்ற மொழிக்காரர்கள் வந்து கேட்டதும், உங்கள் எழுத்தை ஆங்கில எழுத்தாக மாறுவேடம் போட்டு அனுப்புங்கள் என்றார்கள். அந்த வேடங்களில் ஒன்றுதான் பேஸ்64. மூன்று பைட்டை நாலு ஆங்கில எழுத்தாக்கும். தமிழில் ஒவ்வொரு குறியும் யூ.டி.எஃப்-8-ல் சரியாக மூன்று பைட். ஆக ஒரு குறிக்கு நாலு எழுத்து, மிச்சம் மீதி இல்லை. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஏழு குறி, ஏனென்றால் புள்ளி தனி. 21 பைட், 28 ஆங்கில எழுத்து.

டெஸ்டிங் சர்வரில் அந்த மெயிலைத் திறந்து, 'ரா' அல்லது 'சோர்ஸ்' என்ற பக்கத்துக்குப் போங்கள். தமிழ்த் தலைப்பு இருக்கும் இடத்தில் '4கே6', '4கே6' என்று வரிசையாக மணி கோத்தமாதிரி இருக்கும். உயிரெழுத்தும் அகரமேறிய மெய்யும் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். புள்ளி மட்டும் எப்போதும் '4கே+என்'. நாலைந்து நாள் பார்த்துப் பழகினால், டீகோட் செய்யாமலே 'இது தமிழ், இங்கே ஒரு ஒற்று' என்று சொல்லிவிடலாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற இடத்தில் சொல்லிக்கொள்ளும் திறமை அல்ல. ஆனால் இன்டர்வியூவில் சொல்லலாம். நடுவில் ஒரு இடைவெளி வந்துவிட்டால் கணக்கு ஒரு பைட் நகர்ந்து இந்த அழகு கலைந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது உங்கள் வைரத்துக்கு வருவோம். வேடம் போட்ட ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. முன்னும் பின்னும் உறைக்கு 12 எழுத்து போய்விடும். மிச்சத்தில் நாலின் மடங்காக 60 எழுத்து, அதாவது 15 தமிழ்க் குறி. 'உங்கள் மின்கட்டண ரசீது தயார்' என்ற சாதாரணத் தலைப்புக்கே 28 இடம் வேண்டும். ஒரு துண்டில் அடங்காது, இரண்டாக வெட்ட வேண்டும். வெட்டும்போது ஒரு குறியின் மூன்று பைட்டுக்கு நடுவே கத்தி இறங்கக்கூடாது. இறங்கினால் இந்தப் பக்கம் ஒரு பைட், அந்தப் பக்கம் இரண்டு பைட், இரண்டுக்கும் அர்த்தமில்லை, வைரம். இங்கிலீஷுக்கு ஒரு எழுத்து ஒரு பைட்தான், எங்கே வெட்டினாலும் தப்பித்துவிடுகிறது.

நல்ல லைப்ரரிகள் பார்த்து வெட்டும். உங்கள் ஆபீஸில் யாரோ 'நாமே எழுதிக்கொள்ளலாம்' என்று தலைப்பை பைட் எண்ணிக்கை பார்த்து வெட்டியிருக்கிறார். அவரைக் கண்டுபிடித்துத் திட்ட வேண்டாம், அந்த ஃபங்ஷனை அழித்தால் போதும். மெயிலின் உடம்புக்கும் ஒரு வார்த்தை: 'கோட்டட் பிரின்டபிள்' என்ற வேடத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து ஆகும். தமிழில் நீளமாக எழுதுகிறவர்களுக்கு பேஸ்64-தான் லாபம்.

மெயில் முகவரியே தமிழில் இருக்கலாமா?
(தோ பாயோ, சிங்கப்பூர்)

இருக்கலாம். 2012-லேயே அதற்காக, மெயில் சர்வர்கள் பேசும் மொழியான எஸ்.எம்.டி.பி.க்கு ஒரு விரிவாக்கம் வந்துவிட்டது; ஜிமெயில் 2014 முதல் அப்படிப்பட்ட முகவரிகளோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்கிறது. .இந்தியா, .இலங்கை, உங்கள் ஊர் .சிங்கப்பூர், மூன்றும் இன்டர்நெட்டின் அதிகாரபூர்வமான டொமைன்கள். தடை எங்கே தெரியுமா? பெரும்பாலும் உங்கள் பதிவுப் படிவத்தில். ஏ முதல் இசட் வரை மட்டும் அனுமதிக்கும் ஒரு விதியை யாரோ எங்கிருந்தோ காப்பி அடித்து ஒட்டியிருப்பார்கள். ஒரு தமிழ் முகவரியைப் போட்டு டெஸ்ட் செய்து பாருங்கள்.

பி.சி.சி. வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? யாருக்கும் தெரியாது என்பதுதானே அதன் அழகு?
(மின்னஞ்சல் அனுப்பவே பயப்படும் ஹெச்.ஆர்.)

கடிதத்துக்கு உறை ஒன்று, உள்ளே தாள் ஒன்று. பி.சி.சி. பெயர்கள் உறையில் இருக்கும், தாளில் இருக்கக்கூடாது. டெஸ்டிங் சர்வர் உறையையும் பார்க்கிறது. மெயில்பிட் இரண்டையும் ஒப்பிட்டு, உறையில் மட்டும் இருப்பவர்களை பி.சி.சி. என்று காட்டும். அந்தப் பெயர் தாளின் 'டு', 'சி.சி.' வரிகளில் தென்பட்டால் உங்கள் ஆப் ரகசியம் காக்காது என்று பொருள். இது ரிலீஸுக்கு முன்னால் தெரிவது நல்லது. சம்பள உயர்வுக் கடிதத்தில் தெரிந்தால் நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

மெயில் சர்வர் கீழே விழுந்தால் ஆப் என்ன செய்கிறது என்று சோதிக்க, சர்வரை நான் கீழே தள்ள வேண்டுமா?
(பாக்மனே டெக் பார்க்)

வேண்டாம், மெயில்பிட்டில் 'கேயாஸ்' என்று ஒரு வசதி உண்டு. இத்தனை சதவீதக் கடிதத்துக்கு இந்த எண்ணைச் சொல்லித் திருப்பு என்று கட்டளை கொடுக்கலாம். 4-ல் தொடங்கும் எண் என்றால் 'அப்புறம் வா'. 5-ல் தொடங்கினால் 'வரவே வராதே'. உங்கள் ஆப் இரண்டுக்கும் ஒரே மாதிரி விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் நிஜ உலகில் தடைப்பட்டியலில் சேரும். இதைச் சோதிக்கிறவர்கள் அபூர்வம். நீங்கள் கேட்டதற்காகவே ஒரு ஃபில்டர் காபி.

தானியங்கி டெஸ்டிலும் இதைச் சேர்க்கலாம். மெயில்பிட்டுக்கு ஏ.பி.ஐ. இருக்கிறது; பதிவு செய், பெட்டியில் வந்த லிங்கை எடு, திற, உள்ளே போனாயா பார், பெட்டியைக் காலி செய். கடைசி வேலையை மறந்தால் நேற்றைய லிங்கை எடுத்துக்கொண்டு இன்றைய டெஸ்ட் தோற்கும்.

மெயில்பிட்டில் எல்லாம் பச்சை. நிஜத்தில் போட்டால் ஸ்பாம் பெட்டியில் விழுகிறது. ஏமாற்றிவிட்டதே!
(பெருங்குடி)

அது ஏமாற்றவில்லை, தனக்குத் தெரியாததை நீங்கள் கேட்கவே இல்லை. கடிதம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்பதுவரைதான் அதன் எல்லை. ஊர் உங்களை நம்புகிறதா என்பது வேறு இலாகா. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்.பி.எஃப்., டீகிம், டிமார்க் என்ற அடையாளச் சான்றுகள் மூன்றும் வைத்திருக்க வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்று கூகுள் கறாராகிவிட்டது. யாஹூவும் கூடவே. இதையெல்லாம் நிஜ டொமைனிலிருந்து, நிஜமாக, உங்கள் டீமின் சொந்த முகவரிகள் நாலைந்துக்கு மட்டும் அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

சொந்தமாகவே மெயில் சர்வர் கட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். அமேசான், கூகுள் கிளவுட் இரண்டிலுமே மெயில் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை முன்கூட்டியே அடைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

அவுட்லுக்கில் மட்டும் என் டிசைன் கோணலாகத் தெரிகிறதே?
(டிசைனர், காக்ஸ் டவுன்)

விண்டோஸின் பழைய அவுட்லுக் 2007 முதல் மெயிலை வேர்டு எஞ்சினை வைத்துத்தான் வரைகிறது. டேபிள் போட்டுக் கட்டுங்கள். அழ வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள், துணைக்கு ஆளிருக்கிறது.

மெயிலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
(ஓசூர்)

பம்பாயில் பிறந்த தமிழர் சிவா அய்யாதுரை, அமெரிக்காவில் பள்ளி மாணவராக இருந்தபோது ஒரு மருத்துவக் கல்லூரிக்காக 'ஈமெயில்' என்ற பெயரில் புரோகிராம் எழுதினார். 1982-ல் அதற்குப் பதிப்புரிமைப் பதிவும் பெற்றார். அந்தப் புரோகிராமைப் பதினாலு வயதில் எழுதத் தொடங்கியது பெரிய காரியம்தான். ஆனால் நெட்வொர்க் வழியே ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு, நடுவில் 'அட்' குறியோடு மெயில் அனுப்பியது ரே டாம்லின்சன், 1971-ல். கம்ப்யூட்டர் வரலாற்றாசிரியர்கள் டாம்லின்சன் பக்கம். நானும்.

பெருமைப்பட ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்திலேயே இருக்கிறது. 1986-ல் தொடங்கிய 'எர்நெட்' வலையமைப்பின் எட்டு உறுப்பினர்களில் நம் ஐ.ஐ.எஸ்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் உண்டு. ஹாட்மெயிலை 1996 ஜூலை 4-ல் தொடங்கிய சபீர் பாட்டியா, நம்மூர் செயின்ட் ஜோசப்ஸ் பையன்கள் பள்ளியில் படித்தவர். டெஸ்டுக்கென்று ஆளுக்குப் பத்து இலவசக் கணக்கு திறந்துவைக்கும் கெட்ட பழக்கத்துக்குப் பாதை போட்டவர் என்றும் சொல்லலாம்.

எஸ்.எம்.டி.பி.யை எழுதிய ஜான் போஸ்டல் பெங்களூர்க்காரரா? கேள்வி ஒரு மாதிரி இருந்தால் மன்னிக்கவும்.
(மாணவி, ஃப்ரேசர் டவுன்)

கலிஃபோர்னியாக்காரர். 1982 ஆகஸ்டில் எழுதினார். ஆனால் இன்டர்நெட்டுக்கு அவர் 1980-ல் வைத்த கொள்கை, நீ அனுப்பும்போது கறாராக இரு, அடுத்தவர் அனுப்பியதை வாங்கும்போது தாராளமாக இரு என்பது. பின்பாதியை நம்மூர் ஆட்டோக்காரர் மூன்றே வார்த்தையில் சொல்வார்: 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி'. ஆகவே உங்கள் சந்தேகம் அவ்வளவு மோசமில்லை. டெஸ்டிங் சர்வர் பின்பாதியை ரொம்பவே கடைப்பிடிக்கும், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் பெருங்குடிக்காரர் ஏமாந்தார்.

ஒரு ஃபீச்சரை ஸ்டேஜிங்கில் அதிகபட்சம் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?
(அல்சூர்)

அல்சூரிலிருந்து இந்தக் கேள்வியா! உங்கள் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையாக 1991 முதல் 18 வருஷம் துணிக்குள் ஸ்டேஜிங்கில் நின்றார். 2009 ஆகஸ்ட் 9-ல்தான் புரொடக்ஷனுக்கு வந்தார். நாலே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் லைவ் ஆனது. நம் ஜீவனஹள்ளி இருக்கிற தொகுதிக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். உங்கள் பிராடக்ட் ஓனரிடம் 18 வருஷம் கேட்டுப் பாருங்கள்.

மெயிலை விடுங்கள். எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.க்கும் இப்படி ஒரு டம்மி பெட்டி வைக்கலாமா?
(லிங்கராஜபுரம், இன்னொருவர்)

வைக்கலாம், வைக்க வேண்டும். எஸ்.எம்.எஸ். கம்பெனியை அழைக்கும் இடத்தில், டெவலப்மெண்டில் மட்டும் ஒரு பொய் வாசலை வையுங்கள். எண்ணை ஸ்கிரீனில் எழுதட்டும். ஆனால் நம் நாட்டில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அனுப்பும் வாசகத்தை டெலிகாம் கம்பெனிகளிடம் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில் ஒரு காற்புள்ளி இருந்து உங்கள் செய்தியில் இல்லாவிட்டால் போகாது. 2021 மார்ச் 8-ல் இந்தச் சரிபார்ப்பை நாடு முழுக்க ஒரே நாளில் இயக்கினார்கள். பாங்க் ஓ.டி.பி., ஆதார், தடுப்பூசிப் பதிவு எல்லாம் தொங்கிவிட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு ஒரு வாரம் நிறுத்திவைத்தது. ஆகவே உங்கள் டம்மி பெட்டி, பதிவு செய்த வாசகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாததைத் திருப்பி அனுப்பட்டும். வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் பாதி வேலைதான் நடக்கிறது.

எங்கள் டெஸ்ட் டேட்டாவில் எல்லோருக்கும் 'டெஸ்ட் அட் டெஸ்ட் டாட் காம்' என்றே போட்டிருக்கிறோம். பாதுகாப்புதானே?
(ஜீவனஹள்ளி, பார்க் பக்கத்து பில்டிங்)

டெஸ்ட் டாட் காம் வேறொருவருக்குச் சொந்தமான டொமைன். 'ஏபிசி அட் ஜிமெயில்' என்று போடுகிறவர்களும் உண்டு. அதுவும் சும்மா கிடக்கும் முகவரி என்று நினைக்காதீர்கள். ஒருநாள் செட்டிங்ஸ் மாறி நிஜ சர்வர் வழியே போனால், யாரோ ஒருவர் பெட்டியில் உங்கள் கம்பெனியின் இன்வாய்ஸ் மழையாகக் கொட்டும்.

1999-லேயே இதற்கென்று சில பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டார்கள். '.டெஸ்ட்', '.இன்வாலிட்' என்று முடிபவை யாருக்கும் எப்போதும் விற்கப்படாது. 'எக்ஸாம்பிள் டாட் காம்', அதன் 'நெட்', 'ஆர்க்' தம்பிகளும் அப்படியே. எக்ஸாம்பிள் டாட் காமின் டி.என்.எஸ்.-இல் 'இங்கே மெயில் வாங்குவதில்லை' என்று பலகையே தொங்குகிறது. அதைப் பயன்படுத்துங்கள். டெஸ்டிங் சர்வரை வைத்த பிறகும் பயன்படுத்துங்கள். பூட்டு இரண்டாக இருக்கட்டும்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையாகப் புரொடக்ஷன் டேட்டாபேஸில் டெஸ்ட் டாட் காம் என்று முடியும் முகவரிகளைத் தேடிப் பாருங்கள். எத்தனை வருகிறது என்று எனக்குக்கூட எழுத வேண்டாம்.